ஆறு மாதமாக 24-லேயே நிற்கும் சராசரி சைக்கிள் வேகம்: கோளாறு காலிலா, காற்றிலா?

வெள்ளமடம் வழிப்போக்கன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நாகர்கோவிலில் வசிக்கிறேன். வயது 44, எடை 72 கிலோ. சைக்கிள் 12 கிலோ எடையுள்ள, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஹைபிரிட் வகை. மருத்துவர் சொன்னதற்காகச் சென்ற ஆண்டு மிதிக்கத் தொடங்கியவன், இப்போது விருப்பத்தினாலேயே வாரத்தில் ஐந்து நாள் போகிறேன். விடியுமுன் கிளம்பி, ஒழுகினசேரி, வெள்ளமடம், தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகக் காற்றாலைகள் நெருங்கி நிற்கும் இடம் வரை சென்று, அதே வழியில் திரும்புவது என் வழக்கம். என் கடிகாரக் கணக்கில் போக 16 கிலோமீட்டர், வர 16 கிலோமீட்டர்.

தொடக்கத்தில் 19 ஆக இருந்த சராசரி வேகம் மெல்ல மெல்ல ஏறி, ஜனவரியில் மணிக்கு 24.3 கிலோமீட்டரைத் தொட்டது. அதன்பின் அசையவில்லை. இந்த ஜூலை மாதத்தில் நன்றாக மிதித்தேன் என்று நான் நினைத்த நாளில்கூட 24.0 தான் வந்தது. இரு நாளும் சராசரி இதயத்துடிப்பு 148, எடையிலும் மாற்றமில்லை. மிதிக்கும் உழைப்பு எத்தனை வாட் என்று கைபேசிச் செயலி காட்டும் உத்தேச அளவும் ஜனவரியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. ஆறு மாத உழைப்பு ஒரு பயனும் தரவில்லையே என்ற சலிப்பு வந்துவிட்டது.

உடன் வருகிற நண்பர் ஒருவர், குனிந்து வேகமாக ஓட்டும் ரோடு பைக் வகைச் சைக்கிள் வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், மிதிக்கும் உழைப்பை நேரடியாக அளக்கும் பவர் மீட்டர் வாங்கினால்தான் உண்மை தெரியும் என்கிறார். என் வயதுக்கு இவ்வளவுதான் என்று விட்டுவிடுவதா, அல்லது பயிற்சியில் எதையாவது மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பார்வதிபுரம் கணக்கர்

அண்ணாச்சி, எதையும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு விவரம் கொடுங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் நீங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டு நாட்களில், போவதற்கு எத்தனை நிமிடம் ஆனது, வருவதற்கு எத்தனை நிமிடம் ஆனது? மொத்தச் சராசரியை மட்டும் பார்த்தால் ஆரல்வாய்மொழிச் சாலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

வெள்ளமடம் வழிப்போக்கன்

கடிகாரப் பதிவைத் திறந்து பார்த்தேன். ஜனவரியில் போக 40 நிமிடம், வர 39 நிமிடம். ஜூலையில் போக 27 நிமிடம், வர 53 நிமிடம். போகும்போது பறந்த சுகத்தை வரும்போது வட்டியோடு திருப்பிக் கட்டினேன் என்பது நினைவிருக்கிறது. ஆனால் போகவர ஒரே வழி என்பதால் காற்றின் லாபமும் நட்டமும் சரிக்குச் சரியாகிவிடும் என்றல்லவா நினைத்திருந்தேன்?

பார்வதிபுரம் கணக்கர்

சரியாவதில்லை. உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. எனவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் உழைப்பு இரண்டு வழிகளில் செலவாகிறது. ஒன்று, டயர் சாலையில் உருள்வதற்கான தடை. இது வேகம் கூடினாலும் ஏறக்குறைய மாறாது. இன்னொன்று காற்றுத் தடை. இது வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அந்தத் தடையை எதிர்த்து அதே வேகத்தில் போகவேண்டியிருப்பதால், காற்றுக்காக நாம் கொடுக்கவேண்டிய வாட் அளவு வேகத்தின் கனமாக (மூன்றாம் அடுக்காக) கூடுகிறது. உங்கள் எடை, உங்கள் சைக்கிள், நிமிர்ந்து உட்காரும் ஹைபிரிட் இருக்கை ஆகியவற்றுக்குப் பொருத்தமான எண்களை வைத்துக் கணக்கிட்டால், காற்றே வீசாத நாளில் மணிக்கு 25 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 115 வாட் போதும். 30 கிலோமீட்டர் போக 180 வாட் தேவைப்படும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூட, உழைப்பு பாதிக்கும் மேல் கூடவேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் 19-லிருந்து 24-க்கு எளிதாக வந்த நீங்கள் அங்கிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் திணறுவதற்கு ஒரு காரணம் இது. இதில் வயதின் குற்றம் எதுவும் இல்லை.

இனி காற்றுக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி இடைவெளியான ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கப்பட்டு, வேகம் பெற்றுக் கிழக்கே பாய்கிறது. கணவாயை ஒட்டிய முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது நம் மாவட்டத்துக்காரர்களுக்கு உவமையாகவே தோன்றுவதில்லை. ஆகவே ஜூலையில் நீங்கள் போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். பின்காற்று உதவுவது 27 நிமிடம் மட்டுமே, எதிர்க்காற்று தடுப்பதோ 53 நிமிடம். லாபம் குறைந்த நேரத்துக்கும் நட்டம் நீண்ட நேரத்துக்கும் என்று ஆனபின் இரண்டும் எப்படிச் சமமாகும்?

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் இடைவிடாமல் 150 வாட் கொடுக்கிறார் என்று வையுங்கள். காற்றில்லாத நாளில் அவர் 28-ஐ ஒட்டிய வேகத்தில் உங்கள் 32 கிலோமீட்டரை 69 நிமிடத்தில் முடிப்பார். சாலையை ஒட்டி மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று வீசினால், போகும்போது 37-ஐத் தாண்டுவார், வரும்போது 20-க்குக் கீழே இறங்குவார், மொத்தம் 74 நிமிடம் ஆகும். அதே கால், அதே உழைப்பு. சராசரி மட்டும் 26-க்குக் கீழே வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். ஜனவரியில் போகவர நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் காற்று பொருட்படுத்தத்தக்கதாக இல்லை என்று கொள்ளலாம், 24.3 என்ற வேகத்துக்கு உங்கள் உழைப்பு சுமார் 108 வாட். ஜூலையில் போகும்போது 35.6, வரும்போது 18.1. இந்த இரண்டு வேகங்களும் ஒரே அளவான உழைப்பிலிருந்து வரவேண்டுமென்றால், சாலையை ஒட்டிய காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் அளவிலும், உங்கள் உழைப்பு சுமார் 126 வாட்டாகவும் இருந்திருக்க வேண்டும். அதாவது அதே 148 இதயத்துடிப்பில் 18 வாட் கூடுதல். ஆறு மாதத்தில் ஆறில் ஒரு பங்கு முன்னேற்றம் என்பது சிறிய செய்தி அல்ல. உங்கள் செயலி காட்டிய உத்தேச வாட், வேகத்தையும் எடையையும் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு போடப்படுகிற கணக்கு. காற்று எந்தப் பக்கம் வீசியது என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் உண்மைக்கு நேர்மாறாகக் குறைத்துக் காட்டியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். காற்று சீராக வீசுவதில்லை, பக்கவாட்டிலும் அடிக்கும், லாரி கடந்துபோகும்போது இழுக்கும். எனவே 126 என்பதைக் கல்வெட்டாகக் கொள்ளாமல், ஐந்து பத்து வாட் முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியைவிடக் கூடியிருக்கிறது என்ற அளவில் எனக்கு ஐயமில்லை.

மார்த்தாண்டம் மேடுபள்ளம்

கணக்கர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பவர் மீட்டர் பற்றி மட்டும், அதை வாங்கிச் சூடுபட்டவன் என்ற முறையில் சில சொல்கிறேன்.

பவர் மீட்டர் என்பது மாயக் கருவி அல்ல. பெடலிலோ கிராங்கிலோ ஒட்டப்பட்ட மிக மெல்லிய உணரிகள், நாம் மிதிக்கும்போது உலோகம் நுண்ணளவில் வளைவதை அளந்து, அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கி வாட்டாகச் சொல்கின்றன. 1986-இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபெரர் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனத்தின் வழியாகத்தான் இந்தத் தொழில்நுட்பம் பந்தய வீரர்களிடம் பரவியது. காற்று, ஏற்றம், சாலையின் தரம் எதுவும் அந்த எண்ணைப் பொய்யாக்காது என்பதே அதன் பெருமை.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே வாங்கினேன். விற்ற கடையிலும் யாரும் சொல்லவில்லை. வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தால் ஒவ்வொரு முறையும் சுழி அளவைச் சரிசெய்ய வேண்டும் என்பதுகூடத் தெரியாமல், மூன்று மாதம் தவறான எண்களைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். போதாக்குறைக்கு எங்கள் விளவங்கோடு வட்டாரச் சாலைகள் நூறடி சமமாகக் கிடப்பதில்லை. ஏற்றத்தில் 300 வாட், அடுத்த இறக்கத்தில் பூஜ்யம் என்று குதிக்கிற எண்ணை ஓடிக்கொண்டே பார்ப்பதில் பயனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

அதன் உண்மையான பயன் ஒரு சோதனையில் இருக்கிறது. நன்றாக உடலைச் சூடாக்கிக்கொண்டு, 20 நிமிடம் தளராமல் முடிந்த அளவு மிதித்து, அந்தச் சராசரி வாட்டில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உழைப்பின் எல்லை கிடைக்கும். எளிய பயிற்சி எவ்வளவு, கடும் பயிற்சி எவ்வளவு என்பதையெல்லாம் இந்த எல்லையை வைத்தே வகுக்கிறார்கள். 20 நிமிடம் நிற்காமல் ஓட்டக்கூடிய சாலை எங்கள் பக்கம் இல்லாததால், நான் இதற்காக விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்குப் போகிறேன்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்போது வாங்கமாட்டேன். உங்களுக்கு முதலில் வேண்டியது பயிற்சியில் மாற்றம். 44 வயதில் உச்சத் துடிப்பு ஏறத்தாழ 176 என்று கொண்டால், 148 என்பது அதில் 84 விழுக்காடு. ஐந்து நாளும் இதே அளவில்தான் மிதிக்கிறீர்கள். களைத்துப்போகும் அளவுக்குக் கடினம், ஆனால் உடலை அடுத்த படிக்குத் தள்ளும் அளவுக்குக் கடினமில்லை. நம்மில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நானும் இரண்டு ஆண்டு அங்கேயே கிடந்தேன். மூன்று நாள் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவுக்கு மெதுவாகப் போங்கள். உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை என்றால் அது மெதுவல்ல. வேகம் 20-க்குக் கீழே போனாலும் வெட்கப்படவேண்டாம்.

மீதி இரண்டு நாளும் உண்மையாகவே கடினமாக இருக்கட்டும். உடற்பயிற்சி அறிவியலாளர் ஸ்டீஃபன் சைலர் குழுவினர் பொழுதுபோக்கு சைக்கிளோட்டிகளை ஏழு வாரம் பயிற்றுவித்து ஒப்பிட்டபோது, இடையிடையே ஓய்வு விட்டு 4 நிமிடம் வீதம் நான்கு முறை, 16 நிமிடம் வீதம் நான்கு முறை கடுமையாக மிதித்தவர்களைவிட, 8 நிமிடம் வீதம் நான்கு முறை செய்தவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். இடையில் 2 நிமிட ஓய்வு சேர்த்தால் மொத்தம் 38 நிமிடம். உங்களுடைய 53 நிமிட எதிர்க்காற்றுப் பாதையில் இது கச்சிதமாக அடங்குகிறது. சமதளக்காரர்களுக்கு மலை இல்லாத குறையை ஆடிக்காற்று தீர்த்துவைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் சொல்லித் தொடங்கியவர் நீங்கள் என்பதால், இந்தக் கடும் பயிற்சிக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கணவாயை ஒட்டிய பகுதியில் பக்கக்காற்று திடீரென்று தள்ளும். லாரிகள் போகும் நேரத்தில் அங்கே இந்த இடைவெளி விட்டு மிதிக்கும் பயிற்சி வேண்டாம், தோவாளையை நெருங்கியபின் தொடங்குங்கள்.

குளச்சல் கடலோரம்

அண்ணன்மார் இருவரும் வாட் கணக்கை நன்றாக விளக்கிவிட்டார்கள். விடுபட்டுப்போன இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, உட்காரும் விதம். காற்றுத் தடை முன்பக்கப் பரப்பைப் பொறுத்தது என்பதால், முழங்கையை மடித்து, தோளைச் சுருக்கி, தலையைத் தாழ்த்தினாலே கேள்வி கேட்ட அண்ணன் அந்த எதிர்க்காற்றில் ஏறத்தாழ 15 வாட் மிச்சப்படுத்தலாம். ஆறு மாதம் மிதித்துச் சம்பாதித்த 18 வாட்டுக்கு இது கிட்டத்தட்ட நிகர் என்பதைக் கவனியுங்கள். ரோடு பைக் வாங்கினால் வேகம் கூடுவதற்கும் பெரும்பகுதிக் காரணம் அதன் தாழ்ந்த ஹேண்டில்தான். எடை குறைவதன் பங்கு சமதளத்தில் சொற்பம். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் ஒரு மணி நேரச் சாதனைக்காக மெக்சிகோ நகரத்துக்கே போய் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருக்கும் என்பதே அவர் அங்கே போனதற்குக் காரணம். நமக்கு அந்த வசதி இல்லை, குனியத்தான் வேண்டும். ஆனால் முதுகும் கழுத்தும் பழக நாளாகும், ஒரே நாளில் 53 நிமிடமும் குனிந்து வந்துவிட வேண்டாம்.

இரண்டாவது, வெக்கை. இதயத்துடிப்பை வைத்து மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. கடலோர ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிவதால் சூடு தணிவதில்லை. தோலுக்கு அனுப்பவேண்டிய ரத்தம் கூடுகிறது, வியர்வையில் நீரும் போகிறது. அதே வாட்டுக்கு இதயம் வேகமாக அடிக்கவேண்டியிருக்கிறது. என் சொந்தப் பதிவில் ஏப்ரல் மாதத் துடிப்பு, அதே வேகத்தில், ஜனவரியைவிடப் பத்து கூடுதல். நல்லவேளையாக ஜூலையில் சாரலும் மேகமும் இருப்பதால் உங்கள் ஒப்பீடு பெரிதாகப் பிழைபடாது. ஏப்ரலில் செய்திருந்தால் உடல் தேறியிருந்தும் தேறவில்லை என்றே காட்டியிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு ஏப்ரலில் முட்டம், சங்குத்துறை வழியாக மணக்குடி வரை போய், வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு பத்து மணி வெயிலில் திரும்பியபோது, தலைசுற்றி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மா உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்தபிறகுதான் எழுந்தேன். அன்றிலிருந்து கிளம்புமுன்னும் திரும்பியபின்னும் எடை பார்க்கிறேன். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்.

உணவுக் கணக்கையும் வாட்டிலிருந்தே போடலாம். 126 வாட்டில் 80 நிமிடம் என்றால் 605 கிலோஜூல் வேலை. உடல் உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரைதான் பெடலுக்குப் போகிறது. ஒரு கிலோகலோரி 4.18 கிலோஜூல். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், கிலோஜூல் எண்ணையே கிலோகலோரி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அண்ணன் ஓட்டும் தூரத்துக்குக் கிளம்புமுன் இரண்டு மட்டிப்பழம் போதும். இரண்டரை மணி நேரம் தாண்டினால் நேந்திரம்பழமோ கருப்பட்டித் துண்டோ சட்டைப்பையில் இருக்கவேண்டும்.

வெள்ளமடம் வழிப்போக்கன்

மூவருக்கும் நன்றி. ஆறு மாதமாக என்னைச் சலிப்பில் ஆழ்த்தியது என் கால் அல்ல, கணக்குப் போடத் தெரியாமை என்று புரிகிறது. ரோடு பைக்கும் பவர் மீட்டரும் இப்போதைக்கு இல்லை. இன்று மாலை கண்ணாடி முன் சைக்கிளை நிறுத்தி முழங்கையை மடித்துப் பார்த்தேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சம். செப்டம்பருக்குப் பிறகு காற்று அடங்கிவிடும், அக்டோபர், நவம்பரில் மழை, அப்புறம் வேறொரு காற்று. ஆண்டு முழுவதும் காற்றின் தலையீடு இல்லாமல் என்னை நானே அளந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?

பார்வதிபுரம் கணக்கர்

உண்டு, ஓர் ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றுக்குப் போகும் பங்கு மிகச் சிறிதாகிவிடும். உழைப்பின் பெரும்பகுதி எடையைத் தூக்குவதற்கே செலவாகும். நீங்களும் சைக்கிளுமாக 84 கிலோ, 60 மீட்டர் உயரத்தை 5 நிமிடத்தில் ஏறினால், தூக்குவதற்கு மட்டும் 165 வாட். சரிவு நூற்றுக்கு ஐந்து என்றால், டயர், காற்று, செயின் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 40 வாட் கூட்டிக்கொள்ளலாம். அடுத்த மாதம் அதே ஏற்றத்தில் பத்து வினாடி குறைந்தால் 7, 8 வாட் ஏறியிருக்கிறீர்கள் என்று பொருள். தண்ணீர்க் குப்பி நிறைந்திருப்பதும் காலியாக இருப்பதும்கூடக் கணக்கில் வரும். எப்போதும் ஒரே சுமையோடு ஏறுங்கள். கைபேசி காட்டும் உயரத்தை நம்பவேண்டாம், அது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஏற்றம் என்பதால் உயரம் துல்லியமாகத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. நேரத்தை மட்டும் குறித்துவைத்தால் போதும்.

மார்த்தாண்டம் மேடுபள்ளம்

இடம் நான் சொல்கிறேன். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளில் தேடுங்கள். இருபுறமும் மரம் அடர்ந்திருப்பதால் காற்று உள்ளே புகாது. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். சருகு ஊறிக் கிடந்தால் பின்சக்கரம் வழுக்கும், நேரக் கணக்கும் கெட்டுவிடும். வருவதாக இருந்தால் முந்தின நாள் இங்கே எழுதுங்கள், நானும் கடிகாரத்தோடு வருகிறேன்.